கேட்டை மறித்த வேன்: ஸ்காட்லாந்து வடகரையில் எட்டு நாள்

இந்தப் பத்திரிகையின் கேள்வி-பதில் பக்கத்தில்தான் என்னைப் பார்த்திருப்பீர்கள். மக்காச்சோளப் படைப்புழுவுக்கு என்ன தெளிப்பது, களர் நிலத்துக்கு ஜிப்சம் எவ்வளவு போடுவது என்று பதில் எழுதுகிறவன். ஊர் சுற்றிய கதை எழுதுவது இதுதான் முதல் தடவை. மகள் ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ நகரத்தில் செவிலியராக இருக்கிறாள். ஜூலையில் விடுப்பு எடுத்துக்கொண்டு நானும் மனைவியும் போய் வந்தோம். திரும்பி வந்த மறுநாளே ஒரு விவசாயி போனில் கேட்டார்: "அங்கெல்லாம் நம்மள மாதிரி சின்ன விவசாயி உண்டா சார், இல்ல எல்லாம் ஆயிரம் ஏக்கர் பண்ணையா?" ரெண்டு நிமிடத்தில் சொல்லி முடிக்கிற பதிலாக அது இல்லை. அதனால்தான் இந்தக் கட்டுரை.

மாப்பிள்ளை ஒரு கேம்பர் வேன் வாடகைக்கு எடுத்திருந்தார். வேனுக்குள்ளேயே படுக்கை, கேஸ் அடுப்பு, குட்டி ஃபிரிட்ஜ், தண்ணீர்த் தொட்டி, கழிப்பறை எல்லாம் உண்டு. வாடகை எவ்வளவு என்று மூன்று தடவை கேட்டேன். "அதை விடுங்க மாமா" என்று மூன்று தடவையும் சொல்லிவிட்டார். மகள், மாப்பிள்ளை, ஆறு வயசுப் பேரன், நாங்கள் ரெண்டு பேர். இன்வர்னஸ் என்ற ஊரில் கிளம்பி, வடக்குக் கரையைச் சுற்றிக்கொண்டு மறுபடி இன்வர்னஸ் வந்து சேரும் ஒரு பாதைக்கு 'நார்த் கோஸ்ட் 500' என்று பெயர். மொத்தம் 830 கிலோமீட்டர். பழைய சாலைகள்தான். 2015-ல் பெயர் வைத்து விளம்பரப்படுத்திய பிறகு கூட்டம் அள்ளுகிறது. மேற்குப் பக்கம் ஆப்பிள்கிராஸ் போகும் மலைப்பாதையில் பெரிய வேன்கள் வர வேண்டாம் என்று பலகையே வைத்திருக்கிறார்கள். அதனால் அந்தப் பகுதியை விட்டுவிட்டு மீதியைச் சுற்றினோம்.

வேன் வாழ்க்கையைப் பற்றி ரெண்டு வார்த்தை. ஜூலை மாதம் அங்கே கோடை. அந்தக் கோடை நம் ஊட்டி மார்கழிக்குக் கிட்டத்தட்ட சமம். மனைவி கரைத்து எடுத்து வந்த இட்லி மாவு ரெண்டு நாளாகியும் பொங்கவில்லை. மூன்றாம் நாள் சுடுதண்ணீர்ப் பையைச் சுற்றிக் கம்பளியில் பொதிந்து வைத்தாள். அப்புறம் தோசைக்கு ஆனது. கழிப்பறைக்கு அடியில் ஒரு பெட்டி இருக்கிறது. நிறைந்ததும் அதை உருவி எடுத்து, வேன்கள் தங்கும் இடத்தில் அதற்கென்று கட்டியிருக்கிற தொட்டியில்தான் கொட்ட வேண்டும். முதல் நாளே மாப்பிள்ளையிடமிருந்து அந்த வேலையை நான் வாங்கிக்கொண்டேன். சாணியும் மண்புழு உரமும் அள்ளிய கைக்கு அது ஒன்றும் பெரிதில்லை.

கிழக்குக் கரை வழியாக வடக்கே ஏறும்போது கோல்ஸ்பி என்ற ஊருக்கு மேலே மலை உச்சியில் ஒரு பெரிய சிலை தெரிகிறது. பீடத்தோடு சேர்த்து 30 மீட்டர் உயரம். சதர்லாந்து பிரபுவின் சிலை. அந்தக் கதையைச் சொல்லாமல் அந்தக் கரையைப் பற்றி எழுத முடியாது.

இருநூறு வருஷத்துக்கு முன்னால் அங்கே உள்பள்ளத்தாக்குகளில் ஊர் ஊராகக் குடியானவர்கள் இருந்தார்கள். மாடு வளர்த்தார்கள், ஓட்ஸும் பார்லியும் உருளைக்கிழங்கும் விதைத்தார்கள். நிலம் மொத்தமும் பிரபு குடும்பத்துக்குச் சொந்தம். குடியானவர்களுக்கு எழுத்தில் ஒரு துண்டுச் சீட்டும் கிடையாது. ஆட்டுப் பண்ணைக்காரன் ஒரே ஆளாக அதைவிடப் பல மடங்கு குத்தகை தருகிறேன் என்றதும், சனங்களை வெளியேற்றிவிட்டு ஆட்டை விட்டார்கள். ஸ்ட்ராத்நேவர் பள்ளத்தாக்கில் 1814-லும் 1819-லும் வீடுகளைக் கொளுத்தியே காலி செய்தார்கள். அதை நடத்திய பேட்ரிக் செல்லர் என்ற ஏஜெண்டு மீது 1816-ல் இன்வர்னஸில் வழக்கு நடந்தது. விடுதலையாகிவிட்டார். அப்புறம் அதே பள்ளத்தாக்கில் அவரே பெரிய ஆட்டுப் பண்ணைக்காரர்! வெளியேறியவர்களில் பாதிப் பேர் கப்பலேறிக் கனடா போனார்கள் என்று வைத்துக்கொள்ளாதீர்கள். பலருக்குக் கடற்கரையில் பாறைக்கும் அலைக்கும் நடுவே துண்டு துண்டாக நிலம் அளந்து கொடுத்தார்கள். அந்தத் துண்டில் விளைவதை வைத்துக் குடும்பம் பிழைக்காது. மாடு மேய்த்தவன் மீன் பிடிக்கப் போயே ஆக வேண்டும் என்ற கணக்கு அது.

ஹெல்ம்ஸ்டேல் தாண்டி பாட்பே என்ற இடத்தில் வேனை நிறுத்திவிட்டு நடந்து போனோம். அப்படி விரட்டப்பட்ட குடும்பங்கள் குடியிருந்த ஊர். இப்போது கல் சுவர்கள் மட்டும் நிற்கின்றன. ஊருக்குக் கீழே நேராகக் கடல். காற்று ஆளைத் தள்ளுகிறது. ஆடு, கோழியோடு குழந்தைகளையும் கயிறு போட்டுக் கட்டி வைப்பார்களாம், இல்லாவிட்டால் பாறை விளிம்புக்குப் போய்விடும் என்று. அங்கே அப்படித்தான் சொல்கிறார்கள். கடைசி ஆள் 1911-ல் ஊரை விட்டுப் போயிருக்கிறார். மகள் பேரனின் கையைத் திரும்பி வேனுக்கு வரும்வரை விடவே இல்லை.

அன்று இரவு விக் என்ற ஊரில் தங்கியபோது தம்பியிடமிருந்து போன் வந்தது.

இந்த இடத்தில் என் வீட்டு விஷயம் ஒன்றைச் சொல்ல வேண்டும். அருப்புக்கோட்டைப் பக்கம் எனக்கும் தம்பிக்கும் பொதுவாக நாலு ஏக்கர் கரிசல் காடு இருக்கிறது. அப்பா காலமாகி நாலு வருஷம். அதோடு உழவும் நின்றுவிட்டது. நான் மதுரையில், தம்பி திருப்பூரில். காடு முழுக்க சீமைக்கருவேல். 'கருவையை வேரோடு எடுங்கள், நிலத்தடி நீரைக் காப்பாற்றுங்கள்' என்று கூட்டத்துக்குக் கூட்டம் பேசுகிற அதிகாரியின் காடு அது. பக்கத்துக் காட்டுக்காரர் மகன், டிப்ளமோ படித்துவிட்டு ஊரிலேயே விவசாயம் பார்க்கிற பையன், போன வருஷம் குத்தகைக்குக் கேட்டான். "பார்க்கலாம் தம்பி" என்று சொல்லித் தள்ளிவிட்டேன். காரணத்தை மறைக்காமல் சொல்கிறேன்: எழுதிக் கொடுத்தால் அவன் பேரில் பதிவாகிவிடும், பிறகு எழுப்ப முடியாது என்ற பயம். 1955-ம் வருஷத்துக் குத்தகை விவசாயிகள் பாதுகாப்புச் சட்டமும், 1969-ம் வருஷத்துக் குத்தகை உரிமைப் பதிவுச் சட்டமும் எனக்கு மனப்பாடம். சட்டம் தெரிந்தவனுக்குப் பயமும் கூடுதல். இப்போது சோலார் அமைக்கிறவர்களுக்கு நிலம் பிடித்துத் தரும் புரோக்கர் ஒருவர் தம்பியைப் பிடித்திருக்கிறார்.

"அண்ணே, நல்ல விலைதான். இந்த மாசத்துக்குள்ள ஒரு வார்த்தை சொல்லணும்னு நெருக்குறாங்க."

வந்து பேசுகிறேன் என்றேன். நல்ல வேளையாக அடுத்த மூணு நாலு நாள் போன் சிக்னல் கிடைக்கவில்லை.

வடகிழக்கு மூலையில் கெய்த்னஸ் என்ற பகுதி சமவெளி. மண்ணும் பரவாயில்லை. கறவையும் இறைச்சி மாடும் பார்லியும். அங்கே வேலி பார்த்து அசந்து நின்றேன். தரையிலிருந்து பலகை பலகையாகப் பெயர்த்தெடுத்த கல்லை வரிசையாக நட்டு வைத்திருக்கிறார்கள். மரம் வளராத காற்று நாடு, கல்லுக்குப் பஞ்சமில்லை. பிரிட்டன் பெருநிலத்தின் வடக்கு முனையான டன்னெட் ஹெட்டில் நின்றோம், போட்டோ எடுத்தோம். எதிரே ஆர்க்னி தீவுகள் தெரிந்தன. ஜான் ஓ குரோட்ஸ் வெறும் கடைத்தெரு.

அங்கிருந்து மேற்கே திரும்பியதும் சாலை ஒற்றைத் தடமாகிவிடுகிறது. நம் ஊர் வண்டிப்பாதை அகலம்தான், தார் மட்டும் நன்றாக இருக்கும். சிறிது தூரத்துக்கு ஒரு இடத்தில் ஓரம் ஒதுங்க அகலம் விட்டு, பலகை நட்டிருக்கிறார்கள். எதிரே வண்டி வந்தால் யாருக்கு அந்த இடம் பக்கமோ அவர் ஒதுங்க வேண்டும். மற்றவர் கையைத் தூக்கிவிட்டுப் போவார். ஹாரன் சத்தமே இல்லை. சாலை நடுவில் ஆடு படுத்திருந்தால் அது எழுந்திருக்கும்வரை காத்திருக்க வேண்டும். பேரன் ஆடு எண்ண ஆரம்பித்து, நானூற்றுச் சொச்சத்தில் விட்டுவிட்டான்.

பெட்டிஹில் தாண்டிப் போன அன்று தங்குமிடம் எல்லாம் நிரம்பிவிட்டது. மணி ஒன்பதரை. நல்ல வெளிச்சம் இருந்தது. அந்த மாதத்தில் பத்து மணி தாண்டித்தான் சூரியன் இறங்குகிறது. மாப்பிள்ளை களைத்துப்போயிருந்தார். கடலைப் பார்த்த மாதிரி சாலையோரம் சரளை போட்ட ஒரு இடம். பக்கத்தில் ஒரு இரும்புக் கேட். "இங்கயே போடுங்க மாப்பிள்ளை, இந்தக் காட்டுக்குள்ள யார் வரப்போறா" என்று சொன்னவன் நான்தான். மகள் தயங்கினாள். "அப்பா, கேட்டு இருக்கே." துருப்பிடித்த கேட்டம்மா, புழங்குற மாதிரி தெரியலை என்றேன். முப்பது வருஷம் விவசாயிகளோடு இருந்தவன் சொன்ன சொல்.

காலை ஆறு மணிக்கு வேனைத் தட்டினார்கள். அறுபது வயதிருக்கும் அம்மா ஒருவர். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், பக்கத்தில் கறுப்பு வெள்ளை நாய், நாலு சக்கர பைக். மலையிலிருந்து ஆடுகளை இறக்கிக்கொண்டு வருகிறார்கள், அந்தக் கேட் வழியாகத்தான் சாலையைத் தாண்டிப் பட்டிக்குப் போக வேண்டும். ஜூலையில் கம்பளி கத்தரிப்பு. விடியற்காலையிலேயே அக்கம்பக்கத்தார் அஞ்சாறு பேர் மலையேறி ஒன்று திரட்டிய ஆடுகள். மாப்பிள்ளை பதறி வேனை எடுத்தார். இன்ஜின் சத்தம் கேட்டதும் கேட் வரை வந்திருந்த மந்தை மிரண்டு, வந்த வழியே மேலே ஓடிவிட்டது. இருநூறு ஆடாவது இருக்கும். அந்தம்மா திட்டவில்லை. ஆடு போன திசையையே பார்த்துக்கொண்டு நின்றார். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

ரெண்டரை மணி நேரம் ஆனது மறுபடி இறக்க. நான் போய் மன்னிப்புக் கேட்டு, ஏதாவது வேலை கொடுங்கள் என்றேன். சாலையில் ஒரு பக்கத்தைக் காட்டி, கையை விரித்துக்கொண்டு அசையாமல் நில் என்றார். எதிர்ப் பக்கம் மகளும் பேரனும். மலைச்சரிவில் நாய் ஒரு விசிலுக்குப் படுக்கிறது, ஒரு விசிலுக்கு வளைந்து ஓடுகிறது. இந்தத் தடவை மந்தை ஒழுங்காகக் கேட்டைத் தாண்டியது. நார்த் கன்ட்ரி செவியட் என்ற இனம். வெள்ளை முகம், நிமிர்ந்த காது. முதுகில் வேறு வேறு நிற மை, அதை வைத்து யார் ஆடு என்று பிரிக்கிறார்கள். நம் ஊர்க் கீதாரிகள் காதில் போடும் அடையாளம் மாதிரி. மனைவி இஞ்சி தட்டிப்போட்டு ஒரு பாத்திரம் நிறைய டீ போட்டாள். பட்டிச் சுவரோரம் நின்று எல்லோரும் குடித்தோம். அவர் பேசிய இங்கிலீஷில் பாதி எனக்குப் பிடிபடவில்லை. மகள் எடுத்துச் சொன்னாள்.

'கிராஃப்ட்' என்பது அங்கே சிறு விவசாயியின் நிலத்துண்டுக்குப் பெயர். சராசரியாக 5 ஹெக்டேர் சொல்கிறார்கள். அந்தம்மாவுக்கு நாலு ஹெக்டேர், அதிலும் முக்கால்வாசி பாறையும் நாணல் புல்லும். கூடவே ஊர்ப் பொது மலையில் மேய்ச்சல் பங்கு. இந்தப் பொது மேய்ச்சல் ஏற்பாட்டைத் துருவித் துருவிக் கேட்டேன். ஒவ்வொரு கிராஃப்டுக்கும் இத்தனை ஆடு, இத்தனை மாடு என்று கணக்கு உண்டு, ஒரு பசு இத்தனை ஆட்டுக்குச் சமம் என்று அதற்கு வாய்ப்பாடு உண்டு. பங்குதாரர்களே ஒரு கமிட்டி போட்டு, வேலி சரிபார்ப்பதிலிருந்து ஆடு திரட்டும் நாள் குறிப்பது வரை பார்க்கிறார்கள். நம்மூரிலும் மேய்ச்சல் புறம்போக்கு இருந்தது. இப்போது அது எந்தெந்தக் கட்டடத்துக்குக் கீழே இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும்.

வருமானம்? ஆட்டுக் கம்பளி விற்றால் கத்தரிக்கும் கூலிக்குக்கூடக் காணாது என்றார். குட்டி விற்கிற பணமும் அரசு மானியமும்தான். அதுவும் போதாமல் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறார், கோடையில் வந்து தங்குகிறவர்களின் வீடுகளைத் துப்புரவு செய்கிறார். மகன் அபர்டீனில் எண்ணெய்க் கம்பெனி வேலை, கத்தரிப்புக்கு லீவு போட்டு வந்திருந்தான். "சின்ன விவசாயி உண்டா" என்று கேட்ட நண்பருக்கு இதுதான் பதில். உண்டு. நம்மைப் போலவே ரெண்டு வேலை பார்த்துத்தான் ஒரு விவசாயத்தை நடத்துகிறார்கள்.

அவர்களை அங்கே நிலைக்க வைத்தது 1886-ல் வந்த ஒரு சட்டம். அதற்கு முன்னால் பெரிய கலகங்கள் நடந்து, 1883-ல் நேப்பியர் பிரபு தலைமையில் ஒரு விசாரணைக் குழு கரையோர ஊர்களில் போய்க் குடியானவர்களிடமே வாக்குமூலம் வாங்கியிருக்கிறது. சட்டம் சொன்னது இதுதான்: குத்தகை கட்டும்வரை கிராஃப்டரை எழுப்பக் கூடாது. நியாயமான குத்தகையைக் கமிஷன் நிர்ணயிக்கும். பிள்ளைகளுக்கு விட்டுப்போகலாம். வெளியேறினால் அவர் செய்த மேம்பாட்டுக்கு ஈடு தர வேண்டும். நான் எதற்குப் பயந்து அந்தப் பையனுக்கு நிலம் தரவில்லையோ, அதே மாதிரிச் சட்டம்.

இன்னொன்றும் சொன்னார். உரிமை இருக்கிற மாதிரிக் கடமையும் இருக்கிறது. கிராஃப்ட் வைத்திருப்பவர் அதிலிருந்து 32 கிலோமீட்டருக்குள் குடியிருக்க வேண்டும். நிலத்தைச் சும்மா போடக் கூடாது, உழ வேண்டும் அல்லது மேய்க்க வேண்டும். கடைப்பிடிக்காதவர் மீது கிராஃப்டிங் கமிஷன் நடவடிக்கை எடுக்கலாம். எல்லாரும் கடைப்பிடிக்கிறார்களா என்று கேட்டேன். பக்கத்து ரெண்டு வீட்டைக் கையைக் காட்டிச் சிரித்தார். ஜன்னல் சாத்திக் கிடந்தன.

நான் அரசு வேளாண் அதிகாரி என்று மகள் சொல்லியிருந்தாள். "உங்களுக்குச் சொந்த நிலம் உண்டா?" என்று கேட்டார். நாலு ஏக்கர் என்றேன். "அதில் யார் இருக்கிறார்கள்?" என்ன விளைகிறது என்று அவர் கேட்டிருந்தால் வாய்க்கு வந்த ஏதாவது பயிர் பேரைச் சொல்லியிருப்பேன். யாரும் இல்லை என்று மகள்தான் சொன்னாள். என் வீட்டிலிருந்து காடு 58 கிலோமீட்டர் என்று அப்போதுதான் கணக்குப் பார்த்தேன்.

கிளம்பும்போது அந்தம்மா ஒன்று கேட்டுக்கொண்டார். கேட்டுக்கு முன்னால், ஒதுங்கும் இடத்தில் வண்டியைப் போட வேண்டாம் என்று தெரிந்தவர்களிடம் சொல்லுங்கள். போன மாதம் ஒரு வேன்காரர் கழிப்பறைப் பெட்டியை அவருடைய ஆடு தண்ணீர் குடிக்கும் ஓடையில் கொட்டிவிட்டுப் போனாராம். அதற்கப்புறம் எட்டாம் நாள் வரை பணம் கொடுத்துத் தங்கும் இடத்தில் மட்டுமே வேனை நிறுத்தினோம்.

அடுத்து டர்னெஸ். மண் பற்றி எழுதாமல் போனால் என் பட்டத்துக்கு மரியாதை இல்லை. வடக்குக் கரை பெரும்பாலும் கரி போலக் கறுத்த சதுப்பு மண். புளிப்பு அதிகம், தண்ணீர் வடியாது. டர்னெஸ் வந்ததும் திடீரென்று புல் பச்சைப் பசேலென்று மாறுகிறது, பெயிண்ட் அடித்த மாதிரி. கீழே சுண்ணாம்புப் பாறை. பக்கத்துப் பால்னகீல் கடற்கரையில் கிளிஞ்சல் தூள் கலந்த மணல், அதன் மேலும் நல்ல மேய்ச்சல். புளிப்பு மண்ணுக்குக் கிளிஞ்சல் மணலை அள்ளிப் போட்டுச் சரிசெய்வது அந்தக் கரைகளில் பழைய வழக்கம். நாம் டோலமைட் போடச் சொல்கிறோமே, அதே வேலை.

சாயங்கால வெயில் சரிவாக விழும்போது பழைய மேட்டுப் பாத்திகள் மலைச்சரிவில் வரி வரியாகத் தெரிந்தன. இங்கிலீஷில் அதற்குச் 'சோம்பேறிப் பாத்தி' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பெயர் வைத்தவன் மண்வெட்டி பிடித்திருக்க மாட்டான். ரெண்டு பக்கமும் வாய்க்கால் தோண்டி, அந்த மண்ணை நடுவில் புரட்டிப் போட்டு, கடலில் ஒதுங்கும் பாசியைக் கூடை கூடையாகச் சுமந்து உரமாகப் பரப்பி, உருளைக்கிழங்கு நட்டிருக்கிறார்கள். மேட்டுப்பாத்தியில் மஞ்சள் போடுகிற நமக்கு வடிகாலின் அருமை தெரியும். 1846-ல் அந்தக் கிழங்கிலும் கருகல் நோய் விழுந்து பஞ்சம் வந்தது. நீலகிரி விவசாயிகள் இன்றும் மருந்தடித்துக்கொண்டிருக்கிற அதே பின்பருவ இலைக்கருகல்தான். ஒரே பயிரை நம்பியிருந்தவர்களுக்கு அடுத்தடுத்த வருஷங்களும் அடிதான்.

கைல்ஸ்கு பாலம் தாண்டி அசின்ட் பகுதிக்கு வந்தோம். பாறை மலைகள் ஒவ்வொன்றும் தனித்தனியாகப் படுத்த யானை போல நிற்கின்றன. அங்கே கிராஃப்டர்கள் சேர்ந்து அறக்கட்டளை அமைத்து, ஊர் ஊராகப் பணம் திரட்டி, 1993-ல் 21,000 ஏக்கர் எஸ்டேட்டை 3 லட்சம் பவுண்டுக்கு வாங்கிவிட்டார்கள். எந்த ஜமீனுக்குக் குத்தகை கட்டினார்களோ, அதன் நிலத்தையே. ஸ்காட்லாந்தில் கிராஃப்டர்கள் சேர்ந்து எஸ்டேட்டை விலைக்கு வாங்கியதற்கு அதுதான் பெரிய முன்னோடி. 2003-ல் வந்த நிலச் சீர்திருத்தச் சட்டம் அப்படி வாங்கும் உரிமையைச் சட்டமாகவே ஆக்கியது. மழை கொட்டியதால் நாங்கள் வேனை விட்டு இறங்கவே இல்லை. அல்லபூல் துறைமுகத்தில் மீன் வறுவல் சாப்பிட்டுவிட்டு இன்வர்னஸ் வந்து, பெட்டியைக் கழுவி, தொட்டியைக் காலி செய்து வேனைத் திருப்பிக் கொடுத்தோம்.

ஊருக்கு வந்து தம்பியிடம் பேசினேன். சண்டைதான். "நீ ரிட்டையர் ஆனா பென்சன் வரும், எனக்கு என்ன வருது?" என்று கேட்டான். நியாயம். என் பங்கு ரெண்டு ஏக்கரை மட்டும் நான் பிரித்துக்கொண்டேன், அவன் பங்கு அவன் இஷ்டம். ஆவணியில் ஜே.சி.பி. விட்டுக் கருவையை எடுத்தேன். அந்தப் பையனைக் கூப்பிட்டு மூன்று வருஷக் குத்தகை என்றேன். "எழுத்துல கொடுப்பீங்களா சார்? பயிர்க் காப்பீட்டுக்கும் கடனுக்கும் கேக்குறாங்க" என்று தயங்கித் தயங்கிக் கேட்டான். எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். தம்பி இன்னும் சரியாகப் பேசுவதில்லை.

புரட்டாசி மழைக்குக் குதிரைவாலி விதைத்திருக்கிறான். போன ஞாயிறு போய்ப் பார்த்தேன். முளைப்பு நன்றாக இருக்கிறது. மேற்கு வரப்போரம் மட்டும் கருவை மறுபடி துளிர்த்திருக்கிறது. ஜே.சி.பி.காரர் அங்கே வேரோடு எடுக்காமல் விட்டுவிட்டார்.